பூட்டிய திரையும் திறந்த வாசலும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் வாலிபர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எமது சங்க அலுவலக அறைக்கு அன்பளிப்பாகக் கிடைத்திருக்கும் கணினிக்கு லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை இடும் பொறுப்பு வாலிபர் பகுதியினராகிய எம்மிடம் விடப்பட்டுள்ளது. அதனை இடுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் இட்டு, பூட்டி, நாம் எழுந்து சென்றபின் வேறொருவர் அக்கதிரையில் வந்து அமர்ந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு மறுமொழி சொல்ல ஒரு மணி நேரம் போதாது. அம்மறுமொழியைச் சபையின் முன் சொல்லும்படி செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். இடையிடையே இயந்திர சம்பந்தமான பெயர்கள் சில வரும். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இயன்றவரை தமிழிலே சொல்லுவோம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, இரண வைத்தியம் வரை தமிழில் நூலாக்கினார். நரம்பையும் எலும்பையும் தமிழிற் சொன்ன மண்ணில் ஒரு பூட்டைச் சொல்ல முடியாதென்பதில்லை.

லினக்ஸின் வரலாற்றை விரிக்க இங்கு அவசியமில்லை. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தமது இருபத்தோராம் வயதில், 1991 ஆம் ஆண்டு, அதன் கருவை வெளியிட்டார். அந்த ஆண்டிலே எம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிற் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்களும் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். இன்று அம்மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. பழைய கணினியிலும் ஓடுகின்றது. வைரஸ் தொல்லையும் குறைவு. இக்காரணங்களால் எம் வாலிபரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. லினக்ஸ் இட்டாயிற்று, இனி எவரும் உட்புக முடியாது என்பதே அது. தூரத்திலிருந்து வலையமைப்பு வழியாக வருபவனைப் பொறுத்தவரை அதிற் பெரும்பகுதி மெய். கைக்கெட்டும் தூரத்தில் வந்து அமர்பவனைப் பொறுத்தவரை அது மெய்யன்று.

கணினியில் நாம் எமது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உட்புகுந்த நேரம் முதல் வெளியேறும் வரை நடப்பதை ‘அமர்வு’ என்பர். தேநீர் குடிக்க எழும்போது அமர்வை முடித்துவிட்டுப் போவதில்லை. திறந்த கடிதங்களும் கணக்குகளும் அப்படியே இருக்க, மேலே ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போகின்றோம். உபுண்டு முதலிய பல வகைகளில், விண்டோஸ் படமுள்ள விசையையும் எல் என்ற எழுத்தையும் ஒருங்கே அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இப்பூட்டை எம் வீட்டுப் படலைக்கு ஒப்பிடலாம். படலை சாத்தியிருந்தால் மரியாதையுள்ளவன் வெளியே நின்று கூப்பிடுவான். வேலி பாய்கிறவனை அது மறிக்காது. ஆனால், படலை எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. ஏனெனில் எம் வாசலுக்கு வருவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேலி பாய்கிறவர்களல்லர். படலையைப் படலையாகவும் பெட்டகத்தைப் பெட்டகமாகவும் அறிந்து வைத்தாற் போதும். ஒன்றை மற்றொன்றென்று மயங்கும்போதே கேடு விளைகின்றது.

முதலில் படலையின் வலிமையைப் பார்ப்போம். லினக்ஸில் நெடுங்காலம் வழங்கிவந்த ‘எக்ஸ்’ என்னும் திரை முறையில், பூட்டு என்பது கணினியின் ஆழத்திலுள்ள ஒன்றன்று. மற்றைய மென்பொருள்களைப் போல அதுவும் ஒரு மென்பொருளே. அது திரை முழுவதையும் மூடிக்கொண்டு, விசைப்பலகையையும் தன்வசம் பிடித்து வைத்திருக்கும். எம் நாட்டுக்கூத்தில் பாத்திரம் வரும்வரை இருவர் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களல்லவா, அதுபோல. பிடித்தவர் மயங்கி விழுந்தால், உள்ளே வேடம் கட்டி நிற்பவர் சபைக்குத் தெரிந்துவிடுவார். பூட்டு மென்பொருள் ஏதோவொரு பிழையால் நின்றுபோனால், கடவுச்சொல் எதுவும் கேளாமலே எம் அமர்வு பிறர் கண்முன் விரிந்துவிடும்.

இது கற்பனையன்று. 2012 ஜனவரியில் ஒரு பிழை வெளிவந்தது. கொன்ட்ரோல், ஓல்ட் என்ற இரு விசைகளையும் அழுத்திக்கொண்டு எண்பலகையிலுள்ள நட்சத்திரக் குறியைத் தட்டினால், எக்ஸ் முறையின் அந்நாளைய புதுப் பதிப்பில் திரைப்பூட்டு விலகிவிடும் என்பது அது. சோதனை செய்வோருக்காக வைத்த ஒரு வழி, தவறுதலாக எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. இன்னொன்று வேடிக்கையானது. 2021 ஜனவரியில், லினக்ஸ் மின்ட் பயன்படுத்தும் ஒருவருடைய பிள்ளைகள், பூட்டிய கணினியை ‘உடைக்கப் போகிறோம்’ என்று விளையாட்டாக அமர்ந்து, விசைப்பலகையையும் திரையில் தோன்றும் விசைப்பலகையையும் ஒருசேரத் தட்டினார்கள். பூட்டு விழுந்தது, கணினி திறந்தது. பெற்றவர் நம்பாமல் மறுபடியும் தட்டச் சொன்னார், மறுபடியும் திறந்தது. திரை விசைப்பலகையில் வரும் ஒரு வெளிநாட்டு எழுத்து, அம்மென்பொருளையும் அதனோடு பூட்டையும் சேர்த்து வீழ்த்தியது என்று பின்னர் கண்டார்கள். அறிஞர் பலர் காணாத பிழையைக் குழந்தைகள் கண்டார்கள்.

1992 முதல் ‘எக்ஸ் ஸ்கிறீன்சேவர்’ என்னும் திரைப்பூட்டைப் பேணிவரும் ஜேமி சவின்ஸ்கி என்பவர் இதையே பல்லாண்டு எச்சரித்துவந்தார். பூட்டு மென்பொருள் சிறியதாக இருக்கவேண்டும், அழகுக்காக அதனுள் வேறு மென்பொருள்களைச் சேர்க்கலாகாது என்பது அவர் கட்சி. எமக்கு அது முற்றிலும் சரியெனவே படுகின்றது. பூட்டில் சித்திர வேலைப்பாடு கூடக் கூடத் துவாரமும் கூடும்.

இக்காலத்தில் உபுண்டு முதலியவற்றில் ‘வேலண்ட்’ என்னும் புதிய திரை முறை இயல்பாக வருகின்றது. உபுண்டு 2021 ஏப்ரல் பதிப்பில் அதற்கு மாறியது. இம்முறையில் பூட்டு விழுந்தால் துணி விலகி மேடை தெரிவதில்லை. மேடையே இருண்டுவிடும், அல்லது அமர்வு அடியோடு முடிந்து, மறுபடி உட்புகும் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே எம் கணினிக்கு வேலண்டையே தெரிவோம். எக்ஸ் முறையையே வைத்திருப்போர், வருகின்ற திருத்தங்களைத் தாமதியாமல் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கையிற் கொல்லைப்புறத்தை மறந்துவிடக் கூடாது. கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 ஆகிய விசைகளை அழுத்தினால், படமெதுவுமற்ற கறுப்புத் திரையொன்று வரும். அதுவும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், அதிற் குற்றமில்லை. ஆனால் நாமே முன்னொரு நாள் அதனுள் புகுந்து வேலை செய்துவிட்டு வெளியேற மறந்திருந்தால், படத்திரையின் பூட்டு அதனைக் காக்காது. இக்கறுப்புத் திரையிலிருந்தே படத்திரையைத் தொடக்கும் பழக்கமுள்ளவர்களும் சிலர் உளர். அவர்கள் கணினியில், திரும்பவும் அங்கே சென்று இரண்டு விசைகளைத் தட்டி அத்தொடக்கத்தை நிறுத்தினால், பூட்டிய திரை மறைந்து திறந்த கட்டளை வரி கையில் வந்துவிடும். ‘சிஸ் ஆர்கியூ’ என்னும் விசையோடு எஃப் விசையைத் தட்டினால், நினைவகம் நிரம்பிவிட்டதென்று எண்ணிக் கேர்ணல் ஏதாவதொரு மென்பொருளைக் கொல்லும். எக்ஸ் முறையில் அது பூட்டாகவும் இருந்துவிடலாம். உபுண்டு அவ்வாற்றலை ஏற்கெனவே அடைத்தே தருகின்றது. வேறு வகைகளை இட்டோர் தாமே பார்த்து அடைத்துக்கொள்க.

இனி ஒரு சம்பவத்தைச் சொல்லுவோம். ஊரும் பெயரும் வேண்டாம். எம் சங்கத்தில் நிகழ்ந்ததுமன்று. எம்மைப் போன்றதொரு சங்கம் ஆண்டுதோறும் சில மாணவர்க்குப் படிப்புதவி வழங்கிவந்தது. யாருக்கு, எவ்வளவு, என்ன காரணத்தால் என்று கணினியில் ஒரு பட்டியல். தகப்பனில்லாத பிள்ளை, கடனில் முழுகிய குடும்பம், குடியால் கெட்ட வீடு எனக் காரணங்கள் யாவும் எழுத்தில் இருந்தன. ஒருநாள் மாலை பொறுப்பாளர் அப்பட்டியலைத் திறந்தபடி விட்டுத் தேநீருக்கு எழுந்தார். வந்தவனொருவன் கைபேசியால் ஒரு படம் எடுத்தான். பகைமையால் அல்ல, ‘இங்கே பார் மச்சான்’ என்று ஒருவனுக்குக் காட்டுவதற்காக. மூன்று நாளில் அப்படம் ஊரின் பாதிக் கைபேசிகளில் இருந்தது. பட்டியலில் இருந்த பிள்ளையொன்று அதன் பின்னர் ரியூசனுக்கு வரவில்லை. தாயார் வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே எவனும் நட்சத்திர விசையைத் தட்டவில்லை. எந்தப் பிழையையும் பயன்படுத்தவில்லை. பூட்டு இருந்தது, போடப்படவில்லை, அவ்வளவே. தானாகப் பூட்டிக்கொள்ள உபுண்டுவில் வழக்கமாக 5 நிமிடம் ஆகும். படம் எடுக்க 5 விநாடி போதும். அத்துடன் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். திரைப்படமோ காணொளியோ ஓடிக்கொண்டிருந்தால், திரை அணையாதிருக்கும்படி அம்மென்பொருளே கேட்டுக்கொள்ளும். அப்பொழுது தானாகப் பூட்டும் வேலையும் நடவாது. ஆகவே எழும்போது கையாற் பூட்டுவதே முறை. பூட்டிய திரையின் மேல் வந்து விழும் செய்தி அறிவிப்புக்களையும் நிறுத்திவிட வேண்டும். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தை வாசிக்க அத்திரையைத் திறக்க வேண்டியதில்லை.

சரி, வேலி பாய்கிறவனிடம் வருவோம். பூட்டிய திரையின்முன் வந்து அமர்ந்த அவன் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்க மாட்டான். மின் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்து, மீண்டும் ஏற்றுவான். இங்கே எம்மவர் பலர் தாமே விட்டுவைக்கும் வாசலொன்று உண்டு. லினக்ஸ் இடும்போது, ‘ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கவா, தானாகவே உட்புகவா’ என்று அது வினவும். தொல்லையில்லை என்று இரண்டாவதைத் தெரிந்துவிடுகின்றார்கள். அவ்வாறாயின் பூட்டிய கணினியைத் திறக்க வேண்டியது ஒன்றே: அணைத்து ஏற்றுதல். படலையைப் பூட்டிவிட்டு வேலியைப் பிடுங்கி எறிந்தாற் போன்ற செயல் இது.

அதனை அடைத்தாலும் முடிந்துவிடவில்லை. கணினி எழும்போது முதலில் வருவது ‘கிறப்’ என்னும் தொடக்க மென்பொருள். அதிலே மீட்பு முறை என்று ஒன்றுண்டு. கடவுச்சொல்லை மறந்தவர்க்கு உதவியாக வைத்தது. பல கணினிகளில் அது எதுவும் கேளாமலே முழு அதிகாரத்தையும் கையில் தந்துவிடும். கிறப்புக்குக் கடவுச்சொல் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் ஸ்பெயின் தேசத்து வலென்சியாத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எக்டர் மார்க்கோ, இஸ்மாயில் றிப்போல் என்ற இருவர் 2015 டிசம்பரில் ஒன்று காட்டினார்கள். அது பெயர் கேட்குமிடத்தில், அழிக்கும் விசையை 28 முறை தட்டினால் கிறப்பின் காவல் கழன்றுவிடும் என்பதே அது. 2009 முதல் வந்த பதிப்புகளில் அப்பிழை இருந்ததாம். ஆறு ஆண்டாக உலகமெங்கும் இருந்த பூட்டு. 28 தட்டில் திறப்பது! அப்பிழையும் திருத்தப்பட்டுவிட்டது. எனினும் பென் டிரைவில் வேறொரு லினக்ஸைக் கொண்டுவந்து அதிலிருந்து கணினியை எழுப்புகிறவனுக்கும், திருகாணி கழற்றி வன்தட்டையே எடுத்துச் செல்பவனுக்கும், கிறப்பின் கடவுச்சொல் ஒரு தடையன்று.

ஆகவே படலையைப் பலப்படுத்துவதோடு நில்லாமல் உள்ளே ஒரு பெட்டகம் வைத்தல் வேண்டும். அதுவே மறைகுறியாக்கம். வன்தட்டில் எழுதப்படும் யாவும், திறப்பு இல்லாதவனுக்கு வெறும் குப்பையெழுத்தாகத் தோன்றும்படி மாற்றி எழுதப்படும். லினக்ஸில் இதற்கு வழங்கும் முறை ‘லக்ஸ்’ எனப்படும். கணினி எழும்போதே கடவுத்தொடரைக் கேட்கும். கொடாவிட்டால் தட்டை வேறெந்தக் கணினியில் மாட்டினாலும் பயனில்லை. படலைக்கும் பெட்டகத்துக்கும் உள்ள வேற்றுமையைக் காட்ட ஒன்று சொல்லுவோம். மேற்சொன்ன அதே மார்க்கோவும் றிப்போலும் 2016 நவம்பரில் இன்னொரு பிழையை வெளியிட்டார்கள். லக்ஸ் கடவுத்தொடர் கேட்கும்போது என்டர் விசையை ஏறக்குறைய 70 விநாடி அழுத்திப் பிடித்தால், சில கணினிகளில் முழு அதிகாரமுள்ள கட்டளை வரி வந்துவிடும். செய்தித்தாள்கள் அமர்க்களப்படுத்தின. ஆனால் உள்ளே வந்தவனுக்கு என்ன கிடைத்தது? தட்டு குப்பையெழுத்தாகவே இருந்தது. அவன் அதனை அழிக்கலாம், பிரதி எடுத்துச் செல்லலாம், வாசிக்க முடியாது. காவற்காரன் தூங்கினாலும் பெட்டகம் பெட்டகமே.

சங்கத்துக்கு லக்ஸ் பொருந்தும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எம் சங்கங்களிற் பொதுக் கணினி என்றால் பொதுக் கடவுச்சொல் என்றே ஆகிவிட்டது. அது பெரும்பாலும் சங்கத்தின் பெயரும் தொடங்கிய ஆண்டுமாக இருக்கும். இல்லையேல் மேசைக் கண்ணாடியின் கீழ் ஒரு துண்டிலே எழுதப்பட்டிருக்கும். நிர்வாகம் மாறும், கடவுச்சொல் மாறாது. பத்து ஆண்டுக்கு முன் பொருளாளராயிருந்தவருக்கும் தெரியும், அவர் மருமகனுக்கும் தெரியும். லக்ஸில் இந்நிலை வேண்டியதில்லை. வன்தட்டின் மூலத் திறப்பு ஒன்றே. ஆனால் அத்திறப்பைச் சிறு சிறு பெட்டிகளில் தனித்தனியே வைத்துப் பூட்டலாம். லக்ஸின் முதற் பதிப்பில் அத்தகைய பெட்டிகள் 8. இரண்டாம் பதிப்பில் 32 வரை. தலைவருக்கு ஒரு தொடர், செயலாளருக்கு ஒரு தொடர், பொருளாளருக்கு ஒரு தொடர். ஒருவர் மற்றவருடையதை அறியார். ஒருவர் பதவி விலகினால் அவருடைய பெட்டியை மட்டும் நீக்கிவிடலாம். மற்றவர்கள் எதையும் மாற்றவேண்டியதில்லை. உட்புகுந்த பின்னரும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருத்தல் வேண்டும். உபுண்டுவில் முன்னர் ஒருவருடைய கோப்புறையை அதே கணினியின் மற்றொரு கணக்குக்காரர் வாசிக்கக்கூடியதாக இருந்தது. 2021 ஏப்ரல் பதிப்பிலிருந்தே புதிய கணக்குகள் இயல்பாகவே பிறருக்கு மூடப்பட்டன. பழைய கணினியை வைத்திருப்போர் இதனைப் பார்த்துக்கொள்க.

இதற்கொரு விலையும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. கடவுத்தொடர் யாவும் மறந்துபோனால், உலகில் எவராலும் அத்தட்டைத் திறக்க முடியாது. எம் ஊர் நிலைமை தெரிந்ததே. இன்றைய செயலாளர் நாளை கனடாவில். இன்றைய பெரியவர் நாளை இல்லை. ஆகவே ஒரு கடவுத்தொடரைக் கடதாசியில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். கணினியுகத்தில் அரக்கு முத்திரையா என்று சிரிக்க வேண்டாம். உறை உடைந்திருந்தால் உடைந்தது தெரியும். அக்குணம் எந்தக் கடவுச்சொல்லுக்கும் இல்லை. கோப்புகளின் இரண்டாவது பிரதியொன்று, அதுவும் மறைகுறியாக்கப்பட்டு, வேறொரு கட்டிடத்தில் இருத்தல் வேண்டும். பூட்டு களவுக்கே காவல், நெருப்புக்கன்று. 1981 ஜூன் தொடக்கத்தில் எம் பொது நூலகத்தில் என்ன எஞ்சியிருந்தது என்பதைக் கண்டவர்களுக்கு இரண்டாவது பிரதியின் பெருமையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்டகம் இருந்தும் ஏமாறும் வழியொன்று உண்டு. கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரை பெட்டகம் திறந்தே இருக்கின்றது. மூலத் திறப்பு தற்காலிக நினைவகத்தில் கிடக்கும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தி உறங்கவிட்டாலும் அப்படியே. அந்நேரத்தில் காவல் திரைப்பூட்டு ஒன்றுதான், அதாவது மீண்டும் படலை. 2008 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் நினைவகத்திலுள்ளவை சில விநாடி முதல் சில நிமிடம் வரை அழியாதிருக்கும், குளிரூட்டினால் இன்னும் நெடுநேரம் நிற்கும் என்று காட்டி, அவ்வாறே திறப்புகளை மீட்டும் எடுத்தார்கள். எம்மூர்ச் சித்திரை வெயிலில் அவை விரைவாகவே அழியும் என்பது ஓர் ஆறுதல்! எம் கணக்குப் புத்தகத்துக்காக எவனும் அத்துணை பாடுபடப் போவதில்லை; இராவிலும் பிரயாணத்திலும் கணினியை முற்றாக அணைத்துவிடுதலே எமக்குப் போதிய காவல்.

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவில் உண்டு. ‘சில்க் றோட்’ என்னும் கள்ளச் சந்தையை இணையத்தில் நடத்திய றொஸ் உல்பிரிக்ட் என்பவரின் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ்தான் இருந்தது, மறைகுறியாக்கமும் இருந்தது. 2013 ஒக்டோபர் முதலாந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரின் கிளென் பார்க் நூலகத்தில் அவர் அமர்ந்து வேலை செய்துகொண்டிருக்கையில், பின்புறத்தில் ஓர் ஆணும் பெண்ணும் உரத்துச் சண்டையிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். அக்கணத்தில் திறந்திருந்த கணினியை எடுத்துக்கொண்டார்கள். சண்டையிட்டவர்கள் அரசாங்க உளவாளிகள். கணினி முற்றாக அணைக்கப்பட்டிருந்தால் எல்லாம் குப்பையெழுத்தாகியிருக்கும். 2015 இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது; 2025 ஜனவரியில் மன்னிப்புப் பெற்றார். அம்மனிதரின் தொழிலை நாம் மெச்சவில்லை. எத்தனை பெரிய பெட்டகமும் திறந்திருக்கும் வேளையிற் பெட்டகமன்று என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

வெளியூர்க் கதை போதும். எம் வீடுகளிற் கணினியைப் பூட்டுவதென்றாலே ஒரு மனத்தாங்கல் உண்டு. அண்ணன் பூட்டினால் தம்பிக்குக் கோபம். மகள் பூட்டினால் தாய்க்குச் சந்தேகம். ‘என்ன தம்பி, எங்களிட்டையும் ஒளிக்கிறியோ?’ என்று மாமா கேட்டுவிட்டால், பூட்டியவன் குற்றவாளிபோல் நிற்கின்றான். கடவுச்சொல்லைச் சொல்வது பாசத்துக்கு அடையாளம் என்று ஆகிவிட்டது. ஆனால் எம் ஆச்சிமார் அலுமாரித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு திரிந்தார்கள். ‘எங்களிட்டையும் ஒளிக்கிறியோ’ என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. அலுமாரியினுள் இருந்தவை ஆச்சியுடையவை மட்டுமல்ல, பிள்ளைகளின் நகையும், காணி உறுதியும், அயலவர் ஈடுவைத்த சங்கிலியும் அதற்குள்ளேதான் இருந்தன என்பது எல்லார்க்கும் தெரியும். இன்று அந்த அலுமாரி மடிக்கணினியாகிவிட்டது. காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டை, வெளிநாட்டிலுள்ள சகோதரனின் கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், தங்கையின் கலியாணப் படம், எல்லாம் அதற்குள்ளே. அவற்றுட் பாதி எம்முடையவையல்ல. பிறர் எம்மை நம்பி அனுப்பியவை. பூட்டுவது மாமாவுக்கு எதிராகவன்று, மாமாவின் உறுதிக்காகவுந்தான்.

இவ்விடத்தில் எம் சகோதரிகளை முன்னிட்டு ஒரு வார்த்தை. பழுது பார்க்கும் கடைக்குக் கணினியைக் கொடுக்கும்போது, கடவுச்சொல்லையும் துண்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கின்றது. திரை மாற்றவும், விசைப்பலகை மாற்றவும், மின்கலம் மாற்றவும் கடவுச்சொல் எதற்கு? வேலை சரியா என்று பார்க்க விரும்பும் தொழிலாளி பென் டிரைவிலுள்ள லினக்ஸிலிருந்து எழுப்பிப் பார்க்கலாம். நேர்மையான தொழிலாளிக்கும் அதுவே நல்லது. பின்னர் ஒரு படம் வெளிவந்தால் அவர்மேல் பழி விழாது. கடவுச்சொல் கேட்டேயாகவேண்டும் என்று நிற்கும் கடையில் கணினியைக் கொடாதிருப்பதே மேல்.

வாலிப நண்பர்களுக்கு ஒன்று. நாம் மேலே விவரித்தவற்றை நண்பன் கணினியில் ‘சும்மா’ செய்து பார்க்கும் ஆசை எழும், எமக்குத் தெரியும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையில்லை என்று அறிந்துகொண்டே பிறர் கணினியில் அல்லது அதிலுள்ள தகவலில் நுழைய எத்தனித்தல் குற்றம். தண்டனை ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. சொந்தக் கணினியில், சொந்தப் பூட்டை, சொந்தக் கையால் உடைத்துப் பார்க்கலாம். அதில் எவ்வளவோ படிக்கலாம்.

செயற்குழுவிடம் எமது வேண்டுகோள் இது. சங்கக் கணினியில் இன்னும் ஒரு பெயரும் ஏற்றப்படவில்லை. வன்தட்டு வெறுமையாக இருக்கின்றது. லக்ஸ் போடுவதற்கு ஏற்ற வேளை இதுவே. பின்னர் போடுவதென்றால் பெரும்பாலும் யாவற்றையும் இறக்கி வைத்துத் துடைக்க வேண்டிவரும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரு பிற்பகல் ஒருங்கே வரவேண்டும். ஒவ்வொருவராக அறைக்குள் சென்று தத்தம் தொடரைத் தட்டவேண்டும். மற்றவர்கள் விறாந்தையில் நிற்கவேண்டும். தொடர் நீளமாயிருக்கட்டும், தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் அரிது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். நாலாவது தொடர் உறைக்குள் போகும். அதனை எழுதும்போது நாம் அறையில் இருக்கமாட்டோம். படிப்புதவிப் பட்டியலை அதன் பிறகே ஏற்றுவோம். சனிக்கிழமை மூன்று மணி பெரியோர்களுக்கு வசதியாயின், அரக்கும் உறையும் நாமே வாங்கிவருகின்றோம்.